பெயிண்ட் டப்பாவத் திறந்தா கிளாஸ் சந்தைக்கடை ஆயிடுது!

வாசகர் கேள்விகளுக்கு, முப்பது வருஷம் சாக்பீஸ் தூசி தின்னு ரிட்டையர் ஆன ஒரு ட்ராயிங் மாஸ்டர் பதில் சொல்றார்

கேள்வி: வணக்கம் சார். திண்டுக்கல் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளில பகுதி நேர ஓவிய ஆசிரியையா இருக்கேன். 2012ல 5,000 ரூபா சம்பளத்துல சேந்தவங்கள்ல நானும் ஒருத்தி, வாரத்துல மூணு அரை நாள். இத்தனை வருஷம் பென்சில், கிரேயான்ஸோடயே ஓட்டிட்டேன். இந்த வருஷம் பள்ளிக்கல்வித் துறை நடத்துற கலைத் திருவிழாப் போட்டிக்கு பசங்களத் தயார் பண்ணலாம்னு போஸ்டர் கலர் வாங்கினேன், அதுலேர்ந்து நிம்மதி போச்சு. ஏழாம் கிளாஸ்ல 46 பேர். தண்ணிக்கு ஓடுறான், பிரஷ்ஷப் புடுங்குறான், பக்கத்து கிளாஸ் டீச்சர் வாசல்ல வந்து இடுப்புல கை வெச்சு நிக்கிறாங்க. ஹெச்எம் "கலரெல்லாம் எதுக்கும்மா, பென்சிலே போதுமே"ங்கறார். நான் கண்டிப்பு பத்தாத ஆளா சார்?

பதில்: கண்டிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல டீச்சர். அடுத்த தடவை கிளாஸ்ல ஒரு ஓரமா நின்னு சத்தம் எப்ப எப்ப வருதுன்னு மட்டும் கவனிச்சுப் பாருங்க. தண்ணி வர்ற வரைக்கும், கலர் கைக்கு வர்ற வரைக்கும், முடிச்சவன் அடுத்து என்னன்னு தெரியாம முழிக்கிறப்ப, கடைசியா கை கழுவுறப்ப, இந்த நாலு நேரத்துலதான் வரும். பிரஷ் பேப்பர் மேல ஓடிட்டிருக்குற பையன் கத்த மாட்டான், நாக்க லேசா வெளிய துருத்திக்கிட்டு வேற உலகத்துல இருப்பான். அதனால காத்திருக்குற நேரத்தக் கொறைங்க, பசங்க தன்னால அடங்குவாங்க.

நானும் இத அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். வேலைக்குச் சேந்த முதல் வருஷம், "எல்லாரும் போயி தண்ணி எடுத்துட்டு வாங்கடா"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டேன், ஸ்கூல்ல இருந்ததே ஒரு குழாய், ஐம்பது பேரு அங்க முட்டி மோதி, திரும்பி வந்ததுல ஒருத்தன் வழுக்கி என் மேஜையப் புடிக்க, திறந்து வெச்சிருந்த நீலக் கலர் பாட்டில் கவுந்து அப்படியே அட்டெண்டென்ஸ் ரிஜிஸ்டர் மேல. ஹெச்எம் அதப் புரட்டிப் பாத்துட்டு "என்ன மாஸ்டர், இன்னிக்கு மொத்தப் பேரும் கடல்ல எறங்கிட்டாங்களா"ன்னு கேட்டார். அன்னிக்கு ராத்திரி தூங்கல.

அதுக்கப்புறம் பசங்கள எழுந்திரிக்கவே விடல. உங்க 46 பேர 11 குரூப்பாப் பிரிங்க, ஒன்பது குரூப்ல நாலு பேர், ரெண்டுல அஞ்சஞ்சு பேர். பெஞ்ச் இடைஞ்சலா இருந்தா தரைல உக்கார வைங்க, பெயிண்டுக்குத் தரைதான் நல்லது, கீழ விழுறதுக்கு எதுவும் இருக்காது பாருங்க. குரூப்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணி. சும்மா வெச்சா உருண்டுடும், கிழிஞ்ச துணியச் சுருட்டி சும்மாடு மாதிரி வளையமாக்கி அது மேல உக்கார வெச்சா அசையாது. வேலை முடிஞ்சதும் அதே துணியில கையத் துடைச்சுக்கலாம். தண்ணி ஊத்துறது ரெண்டே பேரு, அதுவும் நீங்க கிளாசுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே ஊத்தி முடிச்சிருக்கணும், வாரா வாரம் ரோல் நம்பர் வரிசைல ஆள் மாறணும். நல்ல பிள்ளைங்களுக்கு மட்டும் அந்த வேலையக் குடுத்தீங்கன்னா மத்தவன் அவன் சிரட்டையத்தான் முதல்ல தட்டி விடுவான்.

கலர் பாட்டில பசங்க கைல குடுக்கவே குடுக்காதீங்க. மஞ்சள், சிவப்பு, நீலம், மூணு போதும். பழைய கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வீடு கிடக்கும், அதோட வழவழப்பான பக்கத்துல மூணு சொட்டு வெச்சு ஆளுக்கு ஒண்ணு குடுங்க. பச்சை வேணும்னு வர்றவன "மஞ்சளையும் நீலத்தையும் கலந்து பாரு"ன்னு திருப்பி அனுப்புங்க, அந்தப் பச்சைய அவனே உண்டாக்குறப்ப மூஞ்சில வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே இன்னும் பத்து வருஷம் வேலை பாக்கலாம். செலவும் கம்மி. சார்ட் பேப்பர் 22க்கு 28 இஞ்ச் வருது, அத எட்டா வெட்டுனா 7க்கு 11 கிடைக்கும், ஒரு பீரியடுக்கு அது தாராளம். பெரிய தாள் குடுத்தா பாதிலயே பையனுக்கு அலுத்துடும், அலுத்தா வால்தனம்.

நீங்க சொட்டு வெச்சுக் குடுக்கற அந்த அஞ்சு நிமிஷம் இருக்கே, அதான் ஆபத்து. அதுக்கு போர்டுல புள்ளி வெச்சிடுங்க, அஞ்சுக்கு அஞ்சு. உள்ள வந்ததும் நோட்டத் திறந்து அதுல ஒரு கோலம், இது எழுதப்படாத சட்டம். ஆம்பளப் பசங்க முதல் வாரம் "கோலமா சார்"ன்னு நெளிவாங்க, மூணாவது வாரம் சிக்குக் கோலத்துல உங்களயே சிக்க வெச்சிடுவாங்க. தொண்ட கிழியக் கத்துறதும் வேணாம், நான் "தக தகிட"ன்னு கை தட்டுவேன், அவங்க அதே தாளத்துல திருப்பித் தட்டணும், தட்டணும்னா கைல இருக்குற பிரஷ்ஷக் கீழ வெச்சுத்தான ஆகணும்!

முடிக்கிறது பெல்லுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி, "சார் இன்னும் ஒரே ஒரு மரம் சார்"னாலும் விடாதீங்க. குழாய்க்கு யாரும் போகக் கூடாது, ஒரு பக்கெட் கிளாசுக்குள்ளயே வரும், தண்ணி ஊத்துன அதே ரெண்டு பேர் சிரட்டையும் பிரஷ்ஷும் கழுவட்டும். பிரஷ்ஷோட மயிர்ப் பக்கம் மேல நிக்கணும், தண்ணிக்குள்ள தலைகீழாப் போட்டு வெச்சா மறுவாரம் வெளக்குமாறுதான். ஈரப் படங்கள வராண்டால பரப்பாதீங்க, ஒரு காத்து அடிச்சா 46ம் பறக்கும், கொடி கட்டி கிளிப் மாட்டுங்க. இத்தனையும் முதல் ரெண்டு வாரம் கலரே இல்லாம வெறும் தண்ணிய வெச்சு ஒத்திகை பாக்கணும். பசங்க கடுப்பாவாங்க, ஆகட்டும். மூணாவது வாரம் ஹெச்எம்ம நீங்களே கூப்பிட்டு உக்கார வைங்க.

கேள்வி: ஒரே ஒரு பையன் சார், எட்டாம் கிளாஸ். அடுத்தவன் படத்துல கலரத் தெளிக்கிறான், தன் பேப்பரக் கிழிச்சுப் போடுறான். வெளிய முட்டி போட வைக்கலாமான்னு யோசிக்கிறேன். (தனியார் பள்ளி ஓவிய ஆசிரியர், கோவை)

பதில்: கூடாது தம்பி. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு உடம்பத் துன்புறுத்துறதையும் தடுக்குது, மனசத் துன்புறுத்துறதையும் தடுக்குது. சட்டத்த விடுங்க, முட்டி போட்டா வரைய வேண்டாம்கிறது அவனுக்கு லாபம்தானே? தன் பேப்பரயே கிழிக்கிறான்னு எழுதிருக்கீங்க பாருங்க, எனக்கு அந்த வரிதான் முக்கியமாப் பட்டுச்சு. பெரும்பாலும் அது "எனக்கு வரைய வராது"ங்கறத வாயால சொல்ல வெக்கப்படுற பையன். பக்கத்துல நல்லா வரையிற ஒருத்தன் உக்காந்திருப்பான், பாத்துச் சொல்லுங்க.

என்கிட்ட இப்படி ஒருத்தன் இருந்தான். பொறுப்பக் குடுத்தா திருந்துவான்னு எல்லாரும் சொன்னாங்களேன்னு பிரஷ் கழுவுற வேலையக் குடுத்தேன், அந்தத் தண்ணியையும் எடுத்து எல்லார் மேலயும் தெளிச்சான். பொறுப்பு எல்லாருக்கும் மருந்து இல்ல. அப்புறம் கிழிக்கிறதுதான புடிக்குது, கிழிடான்னு பழைய பேப்பர் கட்டக் குடுத்து, கிழிச்ச துண்டுகள ஒட்டி ஒரு சேவல் பண்ணச் சொன்னேன். கொண்ட மட்டும் மூணு பீரியட் பண்ணான். அதுக்காக தெளிச்சத சும்மா விடவும் வேணாம், யார் படம் கெட்டுச்சோ அவனோட உக்காந்து அதச் சரி பண்ணித் தரணும், அது நியாயம். திட்டுறதா இருந்தா கிளாஸ் முடிஞ்சப்புறம், தனியா, சின்னக் குரல்ல.

கேள்வி: எதச் சொன்னாலும் அஞ்சே நிமிஷத்துல "முடிச்சிட்டேன் மிஸ்"ன்னு வந்து நிக்கிறாங்க. எல்லா நோட்லயும் ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு ஆறு, தென்னமரம், மேல நாலு காக்கா. (வேலூர் வாசகி)

பதில்: ஹஹ்ஹா, அந்த மலைய எங்க அப்பா காலத்துலேர்ந்து வரைஞ்சிட்டிருக்காங்க. பசங்கள குத்தம் சொல்லாதீங்க, "இயற்கைக் காட்சி வரை"ன்னா மனப்பாடத்துலேர்ந்து வரும், அஞ்சு நிமிஷத்துல முடியும், மீதி நேரம் ரகளை. கண்ணால பாத்து வரைய ஒண்ணக் குடுங்க. வாசல்ல கழட்டிப் போட்ட அவனவன் செருப்ப எடுத்து வந்து முன்னாடி வெச்சு வரையச் சொல்லுங்க, வார் எங்க அறுந்திருக்கு, குதிகால்ல எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு, ஊக்கு குத்திருக்கா, எல்லாம் வரணும். ஒரு பீரியட் பத்தாது. புதுச் செருப்பு போட்டவன் கொஞ்சம் அலட்டிக்குவான், பழைய செருப்புல எவ்ளோ விஷயம் இருக்குன்னு நீங்க வாய் விட்டுச் சொன்னா அடங்கிடுவான்.

கேள்வி: மேத்ஸ் டீச்சர் வாரா வாரம் என் பீரியட எடுத்துக்கறாங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் போனா பசங்க எல்லாப் பழக்கத்தையும் மறந்துடறாங்க.

பதில்: அது ஊரு ஒலகம் பூரா இருக்குற வியாதி. நூறு பேருக்கு மேல படிக்கிற ஆறு முதல் எட்டு வரையான பள்ளிக்கு கலைக் கல்விக்குன்னு பகுதி நேர ஆள் வேணும்னு அதே 2009 சட்டத்தோட அட்டவணைலயே இருக்கு, ஆனா சட்டத்த வெச்சு ஸ்டாஃப் ரூம்ல சண்டை போட்டா டீ கூட கிடைக்காது. வருஷம் பூரா பீரியடப் புடுங்குறவங்கதான் கலைத் திருவிழா அறிவிப்பு வந்ததும் "சார், நம்ம ஸ்கூலுக்கு ப்ரைஸ் வேணும்"னு தேடி வருவாங்க, 2022-23ல அது ஆரம்பிச்சதுலேர்ந்து நம்ம ஆளுங்க பல பேரு சொல்ற கதை இது. அந்த நேரம் பாத்து கேளுங்க, பீரியட் திரும்பி வரும். தொடர்ந்து கிளாஸ் கிடைக்காத வாரம், போன உடனே பெயிண்டத் திறக்காம ஒரு தடவை பென்சில் வேலை குடுத்துட்டு மறுவாரம் கலருக்குப் போங்க.

கேள்வி: ஓவிய கிளாஸ் அன்னிக்கு எம்பொண்ணு யூனிஃபார்ம் பூரா கலரோட வர்றா. டீச்சர்கிட்ட சொன்னா கோச்சுப்பாங்களா? (ஒரு அம்மா, தஞ்சாவூர்)

பதில்: சொல்லுங்கம்மா, அவங்களுக்கும் தெரியட்டும். போஸ்டர் கலர்னா வந்த உடனே பச்சத் தண்ணில அலசி சோப்பு போட்டா பெரும்பாலும் போயிடும், கறை இருக்குறப்ப இஸ்திரி மட்டும் போட்டுடாதீங்க. அக்ரிலிக்கா இருந்து காஞ்சிடுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. அவ அப்பாவோட பழைய சட்டை ஒண்ணக் குடுத்து அனுப்புங்க, பட்டன் முதுகுப் பக்கம் வர்ற மாதிரி முன்னும் பின்னுமா மாட்டிக்கிட்டா கழுத்துலேர்ந்து முட்டி வரைக்கும் மறைச்சிடும், பாக்கெட்டும் பின்னால போயிடறதால ஸ்கூல் பிரஷ்ஷ அதுல மறந்தாப்ல சொருகிட்டு வீட்டுக்கு வரவும் முடியாது.