ஜவளகிரியிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

மாரண்டஹள்ளி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். நான் படித்தது வரலாறு. அந்தப் பாடத்தை எப்படியோ கதையாகச் சொல்லிவிடுகிறேன். புவியியல் வந்தால் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, மண் வகை எல்லாம் மனப்பாடம்தான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். பள்ளி நூலகத்துக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு என்ன வாங்கலாம்? பொது அறிவுப் புத்தகங்கள் பயன்படுமா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொது அறிவுப் புத்தகங்கள் வேண்டாம். நாடு, தலைநகரம், நாணயம், நீளமான நதி என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே மனப்பாடம் செய்து களைத்தவர்கள். அதே சுமையை வழவழப்பான அட்டை போட்டு மறுபடியும் கொடுக்க வேண்டாம். இடத்தை எடுத்துவிட்டால் கதையே நடக்காது என்கிற மாதிரிப் புத்தகங்களாகப் பாருங்கள். அட்டையில் புவியியல் என்ற பெயர்கூட இருக்க வேண்டியதில்லை.

நான் முதலில் சொல்வது கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர். அவர் அலைந்த காடு உங்கள் பள்ளிக்குப் பக்கத்துக் காடு. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் எல்லாம் அவர் கதைகளில் வருகிற ஊர்கள். 1954இல் வந்த முதல் தொகுப்பிலேயே ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியின் கதை இருக்கிறது. ஆண்புலியின் குரலில் கூப்பிட்டு அந்தப் பெண்புலியை அவர் வரவழைக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள், வகுப்பு மூச்சுவிடாது. அவர் எழுதியது ஆங்கிலத்தில். பிள்ளைகளுக்குக் கடினம் என்றால் நீங்கள் படித்துவிட்டுக் கதையாகச் சொல்லுங்கள். வரலாற்றைக் கதையாகச் சொல்கிறவருக்கு இது ஒரு சிரமமே இல்லை.

ஆனால் மேசைமேல் வரைபடம் விரித்திருக்க வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் 2 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். பெரிதாக அச்செடுத்து, ஆண்டர்சன் போன வழியைப் பிள்ளைகளை விரலால் தொடச் சொல்லுங்கள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் எங்கே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றனவோ, அங்கே மலை செங்குத்து. சின்னாறு ஏன் இந்தப் பக்கம் திரும்பிக் காவிரிக்குப் போகிறது என்று அந்தக் கோடுகளே சொல்லிவிடும். இன்னொன்றும் கேளுங்கள்: அவர் காலத்தில் இந்த ஊர்கள் எல்லாம் ஏன் சேலம் ஜில்லா? தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. எல்லைக்கோடு மனிதர்கள் போட்டது, ஆறு அப்படியேதான் ஓடுகிறது என்பது எட்டாம் வகுப்புக்கு நன்றாகவே புரியும். அப்புறம், புலி வேட்டை இன்று சட்டப்படி குற்றம், அந்தக் காட்டில் பெரும்பகுதி இப்போது காவேரி வடக்கு, காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ‘நடந்தாய் வாழி காவேரி’. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியை ஒட்டியே பயணம் செய்து எழுதியது, 1971இல் வந்தது. முழுதாகப் படிக்க இந்த வயதில் பொறுமை இருக்காது, சில பகுதிகள் போதும். படித்தபின் பேச்சை உங்கள் ஊர்க் குழாய்க்குக் கொண்டு வாருங்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் பல பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. சரியாகப் பல் துலக்காததால் வந்தது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பெண் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. இங்குள்ள பாறையில் இருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, ஆழ்துளைக் கிணற்று வழியாகக் குடத்துக்கு வந்துவிடுகிறது. அதற்காகத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பாறை, மழை, ஆறு, குழாய் எல்லாம் ஒரே பாடம் என்று அந்தக் குழந்தைகளிடம் சொல்லுங்கள். இதை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தீர்க்கக்கோட்டுக்கு ஜூல்ஸ் வெர்னின் ‘எண்பது நாட்களில் உலகைச் சுற்றி’ இருக்கிறது. 1873இல் புத்தகமாக வந்தது. எண்பது நாளில் உலகைச் சுற்றி வருவதாகப் பந்தயம் கட்டிய கதாநாயகன் ஃபாக், தோற்றுவிட்டதாக நினைத்து உட்கார்ந்திருப்பார். உண்மையில் கிழக்கு நோக்கியே போனதால் ஒரு நாள் கையில் மிஞ்சியிருக்கும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம், 360 பாகைக்கு 24 மணி நேரம். முடிவைச் சொல்லாமல் அவர்களையே கணக்குப் போட வையுங்கள்.

கூடவே ஒரு சோதனை. ஜூன் நடுவில் விளையாட்டுத் திடலில் ஒரு மீட்டர் கம்பை நேராக நட்டு, நடுப்பகலில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கு இல்லை, சுமார் 12.18க்கு. நம் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு வைத்தது, நாம் இருப்பதோ 78 பாகையை ஒட்டி. அந்த நிழல் தெற்கே விழுவதைப் பார்த்து முதலில் நம்ப மாட்டார்கள். அப்போது சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. மேகம் இருந்தால் மறுநாள் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஏ. கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகள் எளிய தமிழ், எந்தப் பிள்ளையும் தானாகப் படிக்கும். ஷேக்கிள்டனின் அண்டார்டிக் பயணம் பற்றி எந்த நல்ல புத்தகம் கிடைத்தாலும் வாங்குங்கள். 1915இல் கப்பல் பனிக்கட்டியில் நசுங்கி மூழ்கியும் அதிலிருந்த 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். காற்றும் கடல் நீரோட்டமும் அந்தக் கதையில் உயிர்ப் பிரச்சினை. நல்ல அட்லஸ் ஒன்றுக்குப் பதில் நான்கு வாங்குங்கள், பீரோவில் பூட்டாதீர்கள்.

படித்ததைச் சுருக்கி எழுதிக் காட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். வழியை வரைந்து காட்டச் சொல்லுங்கள், தப்பாக வரைந்தாலும் சரி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறக்கவும் வேண்டாம். காலாண்டுத் தேர்வு வரை ஆண்டர்சனும் அந்த வரைபடமும் போதும். வெர்னை விடுமுறைக்கு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம்.

அன்புடன்