தாத்தாவை ஏன் மாடிக்கு அனுப்புகிறீர்கள்?

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஏபிஆர்எஸ்எம் என்கிற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் பியானோ ஐந்தாம் கிரேடு பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம்தான். ஞாயிறுதோறும் காலை பதினோரு மணிக்கு வீட்டில் நானே மாதிரிப் பரீட்சை வைத்து மார்க் போடுகிறேன். டிவி, ஃபோன், மிக்ஸி எதுவும் கிடையாது (மாமனாருக்கு இருமல், அந்த ஒரு மணி நேரம் மொட்டைமாடிக்குப் போய்விடுவார்). அப்படியும் ஒரு நோட் தப்பினால் கையை எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். போன வாரம் 150க்கு 94. பரீட்சையைத் தள்ளிப்போடலாமா?
- ஒரு தாய், சென்னை

பதில்: தள்ளிப்போட வேண்டாம். அது இருக்கட்டும், அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

மகளின் வயது, கிரேடு, மார்க் எல்லாம் கணக்காக எழுதத் தெரிந்த உங்களுக்கு, இருமுகிற மனுஷர் பதினோரு மணி வெயிலில் மாடியில் எங்கே உட்காருகிறார், தண்ணீர்த் தொட்டி நிழலிலா, படியேறும்போது யார் கை கொடுக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. "போய்விடுவார்" என்கிறீர்கள். அவராகவா போகிறார்? நீங்கள் அனுப்புகிறீர்கள், அவர் வாய் திறக்காமல் ஏறுகிறார். பேத்தியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பியானோ முன்னால் உட்காருகிறாள். தாத்தாவையே வெயிலில் நிறுத்திவிட்டு வாசிக்கிற பீஸில் (இசை உருப்படியில்) ஒரு நோட் தப்பினால் அந்தக் குழந்தைக்குக் கை நடுங்காதா?

பிள்ளைக்காகத்தானே என்பீர்கள். சரி, பிள்ளைக்காகவே பேசுவோம். பரீட்சை அறையில் இருக்கிற பியானோ அவளுடையது இல்லை, ஸ்டூல் உயரம் வேறு, அவள் வாசிக்க வாசிக்க எக்ஸாமினர் பேனா சரசரவென்று ஓடும், வெளியே ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்குவார். நீங்கள் வாராவாரம் பழக்குவதோ எங்கேயும் கிடைக்காத ஒரு நிசப்தத்துக்கு. அப்புறம் சின்னச் சத்தத்துக்கும் சின்னப் பிசகுக்கும் கை தானாக எழும்பாமல் என்ன செய்யும்?

மார்க் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மூன்று பீஸுக்கும் தலா 30, ஸ்கேல்ஸ் என்கிற ஸ்வர வரிசைகளுக்கு 21, முன்பின் பார்க்காத தாளை அங்கேயே வாசிக்கிற சைட் ரீடிங்குக்கு 21, காதால் கேட்டுப் பதில் சொல்கிற ஆரலுக்கு 18. மொத்தத்தில் 100 வந்தால் பாஸ். இன்னும் ஆறு மார்க், அவ்வளவுதான். ஒரு நோட் பிசகியதற்காக யாரும் பெயில் போடுவதில்லை. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போதுதான் ஓட்டம் அறுந்து மார்க் கொட்டுகிறது. தப்பினாலும் கை கீபோர்டை விட்டு எழக்கூடாது, அடுத்த பாரில் (தாளக் கட்டத்தில்) போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும், மாதிரிப் பரீட்சையில் பழக வேண்டியது இதைத்தான். சைட் ரீடிங்குக்கு முன்னால் அரை நிமிடம் கொடுப்பார்கள், அதில் வாசித்தும் பார்க்கலாம்; பாதிப் பிள்ளைகள் கையை மடியில் வைத்துக்கொண்டு தாளையே முறைத்துக்கொண்டிருக்கும். அதையும் பாருங்கள்.

ஆரலில் எக்ஸாமினர் இரண்டு தடவை வாசிக்கிற மெட்டைக் கேட்டுத் திருப்பிப் பாட வேண்டும், இல்லையென்றால் வாசிக்க வேண்டும். உங்கள் மாமனாருக்குப் பழைய பாட்டு ஒன்றுகூடவா தெரியாது? தினமும் சாயங்காலம் அவர் ஒரு வரி முனகட்டும், இவள் திருப்பிப் பாடட்டும்.

மார்க் நோட்டையும் கொஞ்ச நாள் பரணில் போடுங்கள். வருகிற ஞாயிறு எக்ஸாமினர் நாற்காலி அவருக்கு. கையில் ஒரு பேனாவும் தாளும் கொடுங்கள், என்ன வேண்டுமானாலும் கிறுக்கட்டும். பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர். நடுவில் இருமல் வந்தால் இருமட்டும், நீங்கள் அவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். இன்னொன்று, அந்த இருமலுக்கு டாக்டரிடம் காட்டினீர்களா? அதையும் நீங்கள் எழுதவில்லை.