ஆறாவது வாரம்

அன்புள்ள அக்கா,

எங்கள் மகள் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. ‘அழகான காலம், அனுபவி’ என்கிறார்கள் எல்லோரும். எனக்குத் தெரிவதெல்லாம் பால், துணி, அழுகை, அரைத் தூக்கம். சாயங்காலமானால் காரணமே இல்லாமல் இரண்டு மணி நேரம் அழுகிறாள். அவள்மேல் எனக்குப் பாசம் இருக்கிறதா என்றுகூடச் சில இரவுகளில் சந்தேகம் வருகிறது. முன்பு நானும் கணவரும் விடிய விடியப் பேசுவோம். இப்போது ‘எப்போ குடிச்சா? எந்தப் பக்கம்? துணி மாத்தியாச்சா?’ இதைத் தவிரப் பேச்சே இல்லை. எங்களுக்குள் இருந்தது போய்விட்டதா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் ‘ஐந்து வாரம்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். குழந்தையின் அழுகை இரண்டாவது வாரம் தொடங்கிக் கூடிக்கொண்டே போய், 6ஆவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்துக்கு வரும். அதிலும் சாயங்காலத்தில் அதிகம். அப்புறம் மெல்லக் குறைந்து, 3, 4 மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் எதையோ தவறாகச் செய்வதால் அவள் அழவில்லை. ஏற்றத்தின் கடைசிப் படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

முகம் பார்த்துச் சிரிக்கும் முதல் சிரிப்பு வருவதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான், 6 முதல் 8 வாரத்துக்குள். தூக்கத்தில் உதடு சுழிப்பது வேறு. இது உங்களைப் பார்த்து, உங்களுக்கென்று வருவது. இத்தனை நாளும் பதிலே வராத ஒருத்திக்கு இரவும் பகலுமாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். களைப்பு வராமல் என்ன செய்யும்?

ஆனால் அவள் உங்களைப் பார்க்காமல் இல்லை. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. உங்கள் குரலையோ வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்டுப் பழகிவிட்டாள். கலைந்த தலையும் வீங்கிய கண்ணுமாக நீங்கள் வெறுக்கும் அந்த முகம்தான் இப்போதைக்கு அவளுடைய உலகத்தில் பாதி.

பாசம் பற்றிக் கேட்டீர்கள். கையில் வாங்கிய நொடியிலேயே பொங்கி வரும் என்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். பலருக்கு அப்படி வருவதில்லை, எனக்கும் வரவில்லை. மகனுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அதில் அவனுக்கு முதன்முதலில் போட்ட சட்டை இருந்தது. அன்று காலையில்தான் அது பத்தவில்லை என்று கழற்றியிருந்தேன். அதை எடுத்து வைக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவன்மேல் எவ்வளவு உயிரை வைத்திருக்கிறேன் என்பது அந்தச் சின்னச் சட்டை கையில் இருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் உங்கள் கணவர். ‘எந்தப் பக்கம்?’ என்று அவர் கேட்பதை இழப்பாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்து எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும் என்ற கணக்கை அந்த நேரத்தில் உங்களோடு சேர்ந்து மனதில் வைத்திருக்கிறாரே, அதைப் பாருங்கள். பால் கொடுக்க உட்கார்ந்தாலே எனக்குத் தொண்டை வறண்டுவிடும். ஒரு நாள் நடுராத்திரி தாகத்தில் அழுகையே வந்துவிட்டது. என் கணவர் எதுவும் பேசவில்லை. தண்ணீர் கொண்டுவந்து, குழந்தை இல்லாத கைப்பக்கம் வைத்தார். மறுநாளிலிருந்து நான் குழந்தையை மாற்றிப் போட்டால் செம்பும் பக்கம் மாறும். விடிய விடியப் பேசிய நாட்களில்கூட அவரை அவ்வளவு நெருக்கமாக உணர்ந்ததில்லை.

பழையபடி பேச நேரம் ஒதுக்குங்கள் என்று சிலர் சொல்வார்கள். தூக்கமில்லாத இரண்டு பேர் மனம்விட்டுப் பேச உட்கார்ந்தால் சண்டைதான் வரும் என்பது என் எண்ணம். முதலில் தூங்குங்கள். பாலை எடுத்து வைத்துவிட்டு, இரவில் நான்கு மணி நேரத்தை முழுசாக அவரிடம் விடுங்கள். அவர் துணி கட்டுவது கோணலாக இருந்தால் இருக்கட்டும், திருத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிரசவம் முடிந்த சில நாட்களில் வரும் கண்ணீரும் தடுமாற்றமும் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் விலகிவிடும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டே கிடக்கிறது, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் உடனே போங்கள், கணவரிடமும் சொல்லிவிடுங்கள். அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சையில் குணமாகும். உங்கள் பாசத்தில் குறை என்று அதற்கு அர்த்தமே இல்லை.

அவள் சிரிக்கும் அன்று, எந்த நேரமாக இருந்தாலும் முதலில் அவரை எழுப்புங்கள். எனக்கு அப்புறம் எழுதலாம்.

அன்புடன்,
அக்கா