வீட்டில் அமைத்த தொலைபேசி சர்வரின் நிலையான ஐபி முகவரியை மாற்ற எங்கெங்கே கைவைக்க வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள், அதை நிர்வகிக்க ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற வலைப்பக்க இடைமுகம். ரவுட்டரை மாற்றுவதால் 192.168.1.10 என்ற முகவரி 192.168.0.10 ஆக வேண்டும். சர்வரில் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. போதும் என்று நம்பித்தான் நானும் இறங்கினேன். சர்வரில் முகவரியை மாற்ற இரண்டு நிமிடம்தான் ஆனது. பழைய முகவரியை யார் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதில் ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது.

எளிதான பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து ராஸ்பெரி பையின் இயங்குதளம், நெட்வொர்க் அமைப்பைக் கவனிக்க நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரலுக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் டிஹெச்சிபிசிடி என்ற பழைய நிரலின் அமைப்புக் கோப்பில் நான்கு வரி எழுதுவோம். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கின்றன. புதிய பதிப்பில் அந்தக் கோப்பைத் திருத்தினால் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தி கூட வராது. அதனால் உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். நெட்வொர்க்மேனேஜரில் முகவரியை எழுதும்போது இறுதியில் சாய்கோடு போட்டு 24 என்று சேர்க்க மறக்காதீர்கள்; முகவரியின் முதல் மூன்று எண்கள் வீட்டு நெட்வொர்க்கைக் குறிக்கின்றன என்பதே அதன் பொருள். விட்டுவிட்டால் அது 32 என்று, அதாவது நெட்வொர்க்கில் சர்வர் மட்டுமே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்; பக்கத்தில் இருக்கும் கணினியைக் கூடச் சர்வரால் எட்ட முடியாமல் போகலாம். கேட்வே (வெளியே போகும் வாசல், பொதுவாக ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) இரண்டையும் புதிய ரவுட்டருக்கு ஏற்ப மாற்றுங்கள். டிஎன்எஸ் தவறாக இருந்தால் வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக ஓடும், வெளி அழைப்புகளைக் கொண்டுசெல்லும் தொலைபேசி நிறுவனத்துடனான இணைப்பு மட்டும் பதிவாகாது. புதிய முகவரி, ரவுட்டர் தானாக வழங்கும் முகவரி வரம்புக்கு வெளியே இருக்கட்டும்.

ஆனால் முகவரியை மாற்றும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஃபயர்வாலோ, தவறான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப வருகிறவர்களைத் தடுக்கும் ஃபெயில்டூபேனோ இயங்கினால், புதிய நெட்வொர்க்கை நம்பகமான பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள். சர்வர் புது முகவரிக்குப் போன பிறகு, உள்ளே நுழைய வேண்டிய உங்களையே அது வாசலில் நிறுத்திவிடலாம். ரவுட்டர் ஏற்கெனவே மாறிவிட்டதென்றால் பதறாதீர்கள். மடிக்கணினிக்குக் கையால் 192.168.1.50 போன்ற ஒரு முகவரி கொடுத்து, சர்வருடன் நேரடியாகக் கேபிளில் இணைத்தால் பழைய முகவரியிலேயே உள்ளே போகலாம்.

இனி என்னை அலைக்கழித்த இடம். முகவரி மாறியது, ஃபோன்கள் சர்வரில் பதிவாகின, மணியும் அடித்தது. வெளியே ஒரு எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. "ஹலோ, ஹலோ" என்று அவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே அழைப்பு துண்டானது. மறுபடி அழைத்தேன், அதே கதை. மூன்றாவது முறை கடிகாரத்தைப் பார்த்தேன்: 32 நொடி. நான்காவது முறையும் 32 நொடி.

கேபிளையும் ஃபோனையும் மாற்றிப் பார்த்தேன். குற்றவாளி ஃப்ரீபிபிஎக்ஸின் சிப் (SIP, அழைப்புகளை இணைக்கும் நெறிமுறை) அமைப்புப் பக்கத்தில், 'லோக்கல் நெட்வொர்க்ஸ்' என்ற பெட்டியில் உட்கார்ந்திருந்தது. அங்கே இன்னும் பழைய 192.168.1.0 தான் இருந்தது. புதிய நெட்வொர்க்கில் இருக்கும் ஃபோன்களை ஆஸ்டரிஸ்க் வீட்டுப் பிள்ளைகளாகக் கருதவில்லை, வெளியாள் என்று நினைத்து, "உன் குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று வீட்டின் வெளிப்புற ஐபி முகவரியைக் கொடுத்திருக்கிறது. ஃபோனும் சொன்னபடியே குரலை ரவுட்டர் பக்கம் அனுப்ப, அது திரும்பி உள்ளே வரவே இல்லை. அழைப்பு இணைந்ததை உறுதிசெய்து ஃபோன் அனுப்பும் செய்தியும் அதே வழியில் தொலைந்தது. அந்த உறுதிச் செய்திக்கு ஆஸ்டரிஸ்க் காத்திருக்கும் நேரம்தான் 32 நொடி. அந்தப் பெட்டியில் 192.168.0.0 என்று திருத்தி, ஆஸ்டரிஸ்க்கை முழுமையாக மறுதொடக்கம் செய்ததும் சரியானது. அமைப்பை மீண்டும் ஏற்றினால் மட்டும் இந்த மாற்றம் நடைமுறைக்கு வராது; எனக்கு அதிலும் அரை மணி நேரம் போனது.

வெளியிலிருந்து வரும் தகவலைச் சர்வருக்கு அனுப்ப ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்திருந்தால் (வழக்கமாக சிப்புக்கு 5060, குரலுக்கு 10000 முதல் 20000 வரை) அது புதிய முகவரியைக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து யாரும் இணைவதில்லை என்றால் 5060ஐத் திறந்தே வைக்காதீர்கள், கடவுச்சொல்லைச் சோதித்துப் பார்க்கிறவர்களின் கூட்டம் அங்கே எப்போதும் உண்டு.

கடைசியாக ஃபோன்கள். ஒவ்வொன்றின் அமைப்புப் பக்கத்துக்கும் போய்ச் சர்வர் முகவரியை மாற்ற வேண்டும். சில ஃபோன்களில் 'அவுட்பவுண்ட் ப்ராக்ஸி' என்று இன்னொரு கட்டத்திலும் அதே முகவரி ஒளிந்திருக்கும். மாற்றியதும் ஃபோனை அணைத்துப் போடுங்கள். பதிவின் ஆயுள் பல ஃபோன்களில் 3600 நொடி. அதுவரை சர்வர் இடம் மாறியது தெரியாமல், 'பதிவாகியிருக்கிறது' என்றே திரையில் காட்டிக்கொண்டிருக்கலாம். என் மாடி ஃபோன் அப்படித்தான் சிரித்த முகத்தோடு ஏமாற்றியது. இந்த வேலையோடு வேலையாக, எண்ணுக்குப் பதில் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸில் சர்வருக்கு ஒரு பெயர் வைத்து, ஃபோன்களில் அந்தப் பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது. நான் இரண்டாவது மாற்றத்தின்போதுதான் அதைச் செய்தேன்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ஃபோனிலிருந்தும் *43 அழைத்துப் பாருங்கள், ஃப்ரீபிபிஎக்ஸில் அது எதிரொலிச் சோதனை. அறிவிப்புக் குரல் கேட்டு, உங்கள் குரல் திரும்பி வரவில்லை என்றால் நேராக அந்த 'லோக்கல் நெட்வொர்க்ஸ்' பெட்டிக்குப் போங்கள். குரல் திரும்பி வந்தாலும் ஃபோனை உடனே வைத்துவிடாமல், அந்த 32 நொடியைத் தாண்டுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள்.