வீட்டில் முப்பரிமாணப் படம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, வீட்டில் முப்பரிமாணப் படம் பார்க்க மக்கள் விரும்பினார்களா, இல்லையா?

பதில்: விரும்பினார்கள், ஆனால் அன்றாடம் அல்ல. 2009 டிசம்பரில் வெளியான 'அவதார்' திரையரங்குகளை நிறைத்ததைக் கண்ட நிறுவனங்கள், அடுத்த ஆண்டே முப்பரிமாணத் தொலைக்காட்சிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. 2016-இல் சாம்சங் கைவிட்டது; 2017-இல் எல்ஜியும் சோனியும் விலகின. திரையரங்குக்குச் செல்பவர் படம் பார்ப்பதற்கென்றே செல்கிறார். வீட்டிலோ துணி மடித்துக்கொண்டே பார்க்கிறோம், நடுவில் எழுந்து போகிறோம், ஒருக்களித்துப் படுக்கிறோம். முப்பரிமாணத்துக்கென உள்ள தனிக் கண்ணாடியை அணியாமல் அறைக்குள் வருபவருக்குத் திரையில் இரட்டை உருவங்கள்தான் தெரியும். மூக்குக்கண்ணாடி அணிந்த என் தாயார், அதன்மேல் இந்தக் கண்ணாடியையும் மாட்டி, நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடியே ஒரு முழுப் படத்தைப் பார்த்தார். அடுத்த படத்துக்கு, "சாதாரணமாகவே போடு" என்றார்.

கேள்வி: ஷட்டர் கண்ணாடி, போலரைஸ்டு கண்ணாடி, எது நல்லது?

பதில்: ஷட்டர் கண்ணாடி பேட்டரியில் இயங்கி, இரு கண்களையும் மாறி மாறி மூடித் திறப்பதால் ஒவ்வொரு கண்ணுக்கும் முழுத் தெளிவு கிடைக்கும், ஆனால் படம் மங்கும், சிலருக்கு மினுக்கம் தெரியும். போலரைஸ்டு கண்ணாடி, ஒளியின் அதிர்வுத் திசையை வைத்து ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படத்தை மட்டும் விடும்; எடை குறைந்தது, பேட்டரி வேண்டாம். ஆனால் முழு எச்டி திரையின் 1080 வரிகளில் ஒரு கண்ணுக்கு 540 மட்டுமே சேரும். நெடுநேரம் பார்ப்பவருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: தலைவலி ஏன் வருகிறது?

பதில்: கண்கள் திரையின் தொலைவில் குவிந்திருக்க, பார்வைக் கோடுகளோ திரைக்கு முன்னாலோ பின்னாலோ தோன்றும் பொருளில் சென்று கூடுகின்றன. இயல்பில் சேர்ந்தே நடக்கும் இரண்டு செயல்கள் இங்கே பிரிகின்றன. வலித்தால் உடனே கண்ணாடியைக் கழற்றுங்கள். பழகிவிடும் என்று வலியைப் பொறுக்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு மாறுகண். அவன் பார்க்கலாமா?

பதில்: கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது. போதிய நிகழ்ச்சிகள் இல்லாததே தோல்விக்குக் காரணம்.

பதில்: அது பாதி உண்மை. அமெரிக்க விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான ஈஎஸ்பிஎன் 2010-இல் தனி முப்பரிமாண அலைவரிசையையே தொடங்கி, 2013-இல் மூடியது. பிரிட்டனில் அத்தகைய தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகளில் ஏறக்குறைய பாதி, 2012 ஒலிம்பிக் தொடக்க விழாவை முப்பரிமாணத்தில் பார்த்தன. மற்ற நிகழ்ச்சிகளுக்கு அந்த ஆர்வம் இல்லாததால், மறு ஆண்டே பிபிசி அந்த முயற்சியை நிறுத்திவைத்தது.

கேள்வி (அவரே மீண்டும்): பாதி வீடுகள் பார்த்தன என்றால் ஆசை இருந்தது என்றுதானே பொருள்?

பதில்: ஆம், நானும் அதையே சொல்கிறேன். விழாவுக்கு ஆசை இருந்தது. செய்திக்கும் தொடருக்கும் இல்லை. உற்பத்தியாளர்கள் அதை அன்றாடப் பழக்கமாக எண்ணி விற்றார்கள்.

கேள்வி: படுத்துக்கொண்டு பார்த்தால் தலை வலிக்கிறதே?

பதில்: வலியைப் பற்றி மேலே எழுதிவிட்டேன். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகத் திரையில் வரும் இரு படங்களும் கிடைமட்டமாக விலகியிருப்பவை. தலை சாய்ந்தால் கண்களால் அவற்றை இணைக்க முடியாது. நிமிர்ந்து உட்காருங்கள்.

கேள்வி: கண்ணாடியே தேவைப்படாத திரை வராதா?

பதில்: 2011-இல் நின்டென்டோவின் கையடக்கக் கருவியில் வந்தது. அதை ஒருவர் நேராகப் பிடித்துப் பார்ப்பார். கூடத்தில் ஐந்து பேர் ஐந்து கோணங்களில் அமர்ந்தால், திரையின் தெளிவை அத்தனை கோணங்களுக்கும் பங்கிட வேண்டியிருக்கும்.

கேள்வி: இப்போது எதை வாங்கலாம்?

பதில்: முப்பரிமாண வசதியுள்ள ப்ரொஜெக்டர், அல்லது கண்களுக்கு முன்னால் திரை வரும்படி தலையில் அணியும் கருவி (விஆர் ஹெட்செட்). பழைய தொலைக்காட்சியை வாங்குவதானால், அதற்குப் பொருந்தும் கண்ணாடி கையில் கிடைத்த பிறகே பணம் கொடுங்கள், வலித்தால் கழற்றிவிடுங்கள்.