குதிக்கப் பயப்படும் தம்பிக்கு

ஐயா,

வயது 36. ஊர் வாலிபால் டீமில் அட்டாக்கர், அதாவது நெட்டருகே எம்பிப் பந்தை அடிப்பவன். ஐந்து மாதத்துக்கு முன் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) ஆபரேஷன் நடந்தது. காலுக்கு இறங்கிய வலி போய்விட்டது. படிப்படியாக ஆடலாம் என்கிறார் டாக்டர். ஆனால் குதிக்கப் பயமாக இருக்கிறது. அம்மா ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. கிரிக்கெட் வீரர் ஷ்ரேயஸ் ஐயர் முதுகு ஆபரேஷன் முடிந்து ஐந்தே மாதத்தில் ஆட வந்தாரே, நான் எப்போது ஆடலாம்? பெல்ட் கட்டிக்கொள்ளலாமா?

- ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள தம்பி,

போன வாரம் மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவந்தேன். அவளுடைய பெட்டியை மூன்றாம் மாடிக்கு நான்தான் தூக்கிப் போனேன். அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்ததை உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

பெல்ட் பேச்சை விடுங்கள். ஷ்ரேயஸ் ஐயர் 2023 ஏப்ரலில் ஆபரேஷன் செய்துகொண்டு செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் இறங்கினார். ஒரு வாரத்தில் மறுபடி முதுகு பிடித்துக்கொண்டு பாகிஸ்தான் ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்தார். உலகக் கோப்பையின் 530 ரன் அதற்கு அப்புறம்தான். பெங்களூரு கிரிக்கெட் அகாடமியில் அவர் மாதக்கணக்கில் உழைத்திருந்தார். நீங்கள் இந்த ஐந்து மாதம் என்ன செய்தீர்கள்? கடிதத்தில் பயிற்சி பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

எனக்கும் அதே எல்4-எல்5தான். பதினைந்து வருடம் ஆகிறது. "இனிமேல் கனமே தூக்கக்கூடாது" என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். இரண்டு வருடம் தலையில் நிறைகுடம் வைத்தவன் மாதிரி நடந்தேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். "அப்பாவுக்கு முதுகு சரியில்லடா" என்பேன். ஒருநாள் கை நீட்டுவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையில் வைத்து, இடுப்பை மடக்கி எடுக்கச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. மூன்றாவது மாதம் இருபது கிலோ எடுத்தேன். அதற்குள் மகள் தூக்கச் சொல்லும் வயதைத் தாண்டிவிட்டாள்.

வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது, தம்பி. சுற்றியிருக்கும் இடத்திலிருந்துதான் அதற்குச் சத்து ஊற வேண்டும், பாரம் ஏறி இறங்குவது அதற்கு உதவுகிறது. அசையாமல் வைத்திருந்தால் அந்த உதவி கிடைக்காது. முதுகெலும்பை ஒட்டிய தசையும் இளைத்துப்போகிறது. வலி போனதும் அது தானாகத் திரும்பி வராது, வேலை கொடுத்துத்தான் வளர்க்க வேண்டும். அந்தத் தசை இல்லாமல் நெட்டருகே எம்பிக் குதித்தால், இறங்கும்போது முதுகெலும்பு கூடுதல் அடி வாங்கும். பயந்து பயந்து நாம்தான் முதுகை அப்படி ஆக்கிவைக்கிறோம்.

நல்ல பிசியோவைத் தேடிப் போங்கள். முதலில் எடை, பிறகு ஒரு படியிலிருந்து இறங்கிப் பழகுவது, அட்டாக் கடைசியில். எழுந்ததும் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், ஒரு மணி நேரமாவது போகட்டும். உங்கள் டீம் விடியற்காலையில் ஆடினால் நீங்கள் மாலைக்கு மாறிக்கொள்ளுங்கள். கால் மரத்தாலோ சிறுநீர் கழிப்பதில் கோளாறு வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

எந்தத் தேதியில் ஆடலாம் என்பதை உங்கள் டாக்டரும் பிசியோவும் சொல்லட்டும். அந்தக் குடத்தை மட்டும் அம்மாவிடமிருந்து வாங்கிவிடுங்கள். முதல் வாரம் அரைக்குடம் போதும்.

அன்புடன்.