ஏவிஎம் செட்டியாரிடம் குறும்படக்காரர் எதைப் படிக்கலாம்?

கல்லடியில் குறும்படம் எடுக்கிற தம்பி ஒருவர், ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரை ஏன் முன்னோடி என்கிறார்கள் என்று கேட்டிருந்தார்.

1907இல் காரைக்குடியில் பிறந்தவர். இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து படத்துக்கு வந்தார். முதற்படம் ‘அல்லி அர்ஜுனா’ (1935) படுத்துவிட்டது. ஆனாலும் குரலை விலைபேசிப் பழகிய காது அவரைக் கைவிடவில்லை. ‘நந்தகுமார்’ (1938) படத்தில் தேவகியாக நடித்தவரின் பாட்டு சரிவராததால் லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார். தமிழில் பின்னணிப் பாடல் அப்படித்தான் தொடங்கியது.

கன்னட ‘ஹரிச்சந்திரா’ படத்தைத் தமிழில் குரல்மாற்றி (டப்பிங் செய்து) 1944இல் வெளியிட்டதுதான் என் பார்வையில் பெரிய துணிச்சல். நீங்களும் குரல்மாற்றினால் இதைக் கவனியுங்கள்: ‘ப’, ‘ம’ சொல்ல இரண்டு உதடும் மூடவேணும். திரையில் வாய் மூடும் இடத்தில் ‘க’வோ ‘த’வோ வந்தால் சின்னப்பிள்ளையும் பிடித்துவிடும். அதனால் முதலில் அந்த மூடல்களைக் குறித்து, அங்கே ‘ப’, ‘ம’ விழும்படி வசனத்தைத் திருப்பி எழுதுங்கள். வசனத்தின் நீளத்தைப் பிறகு பார்க்கலாம். தூரக் காட்சியில் இவ்வளவு கவலை வேண்டாம்.

1945இல் அவருடைய ஏவிஎம் படநிறுவனம் தொடங்கியது. காரைக்குடிப் பக்கம் கீற்றுக் கொட்டகைகளில் எடுத்த ‘நாம் இருவர்’ 1947இல் பாரதி பாடல்களோடு ஓடு ஓடென்று ஓடியது. அடுத்த வருடமே நிறுவனம் சென்னைக் கோடம்பாக்கத்துக்கு மாறியது. ‘பராசக்தி’ படம் வந்தது 1952இல். செட்டியார் இறந்தது 1979இல்.